செவிலியர் கல்வியும் நோயாளர் பாதுகாப்பும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், பூந்தமல்லியைக் கடந்து திருப்பெரும்புதூரை அடையுமுன் வரும் ஊர் தண்டலம். 1998இல் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை வந்தது. இவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்கூடங்களும் கண்ணாடி, டயர், மின்னணுத் தொழிற்சாலைகளும் பெருகின. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த இவ்வட்டாரம் நாட்டின் பெரும் தொழில் மண்டலங்களுள் ஒன்றாக மாறியது. அதே சாலையோரத்தில், தண்டலத்தில், சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அதனைச் சார்ந்த செவிலியர் கல்லூரியும் அமைந்துள்ளன. ஒருபுறம் பொருளை உருவாக்கும் கைகள் பயிற்சி பெறுகின்றன. மறுபுறம் உயிரைப் பேணும் கைகள் பயிற்சி பெறுகின்றன.

கார்த் தொழிலில் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் வகுத்து, பின்னர் உலகெங்கும் பரவிய வழக்கம் ஒன்று உண்டு. உற்பத்தி வரிசை நெடுகிலும் ஒரு கயிறோ பொத்தானோ இருக்கும். தம் முன் வரும் வண்டியில் குறையொன்றைக் காணும் தொழிலாளி, நேற்று வேலைக்குச் சேர்ந்தவராயினும், அதனை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும்; மேற்பார்வையாளர் ஓடி வருவார். குறித்த நேரத்திற்குள் குறை தீராவிடில் வரிசை முழுவதும் நின்றுவிடும். நிறுத்தியவரை எவரும் கடிந்துகொள்வதில்லை. குறையைக் கண்டும் காணாததுபோல் அடுத்தவரிடம் தள்ளிவிடுவதே அங்குக் குற்றமாகக் கருதப்படுகிறது.

ஓர் உலோகப் பொருளின் குறையைத் தடுக்க இவ்வளவு ஏற்பாடு உண்டெனில், மனித உடலை நோக்கி ஒரு பிழை வந்துகொண்டிருப்பதைக் காணும் பத்தொன்பது வயதுச் செவிலிய மாணவியின் கைக்கு எட்டும் தூரத்தில் அத்தகைய கயிறு உண்டா? நோயாளர் பாதுகாப்பைச் செவிலியர்க்குக் கற்பித்தல் என்பதன் மையத்தில் நிற்பது இவ்வினாவே. அதற்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

நோயாளர் பாதுகாப்பு எனும் துறை

நோயின் காரணமாக அன்றி, நோய் தீர்க்கவென்று செய்யப்படும் செயல்களின் வழியாகவே நோயாளிக்கு நேரும் தீங்கைத் தவிர்ப்பதும் குறைப்பதும் நோயாளர் பாதுகாப்பு எனப்படும். மருந்து மாறுதல், அளவு மிகுதல், ஆள் மாறுதல், தவறான பக்கத்தில் அறுவை செய்தல், மருத்துவமனையிலேயே தொற்றும் நோய்கள், ஒவ்வாத குருதி ஏற்றுதல், கட்டிலிலிருந்து விழுதல், படுக்கைப் புண் ஆகிய யாவும் இதனுள் அடங்கும்.

மருத்துவத்தால் தீங்கும் நேரலாம் என்பதை முன்னோர் அறிந்தேயிருந்தனர். எனினும் இத்தீங்கின் பரப்பை உலகம் உணர்ந்தது அண்மைக் காலத்தில்தான். 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை மருத்துவப் பிழைகளால் இறக்கக்கூடும் எனக் கணக்கிட்டது. 2004இல் உலக சுகாதார நிறுவனம் நோயாளர் பாதுகாப்புக்கென ஓர் உலகக் கூட்டணியைத் தோற்றுவித்தது. குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளின் மருத்துவமனைகளில் பாதுகாப்பற்ற சிகிச்சையால் ஆண்டுக்கு 13 கோடியே 40 லட்சம் தீங்கு நிகழ்வுகள் நேர்கின்றன என்றும், அவற்றால் 26 லட்சம் பேர் இறக்கின்றனர் என்றும் அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. 2019 முதல் செப்டம்பர் 17ஆம் நாள் உலக நோயாளர் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது.

இதில் செவிலியரின் இடம் தனித்தன்மை வாய்ந்தது. மருத்துவர் நாளில் சில நிமிடங்களே நோயாளியின் அருகில் நிற்கிறார். செவிலியரோ இரவும் பகலும் நிற்கிறார். மருத்துவர் எழுதும் மருந்து நோயாளியின் உடலினுள் செல்லுமுன் கடக்கும் கடைசிக் கை பெரும்பாலும் செவிலியருடையது. முந்தைய பிழைகளையெல்லாம் தடுத்து நிறுத்தும் இறுதி வாய்ப்பு அவரிடமே உள்ளது. அந்த வாய்ப்பு தவறினால் முதற்பழியும் அவர்மீதே விழுகிறது.

வரலாற்றில் சில சுவடுகள்

கி.பி. 627இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் அம்பு தைத்துக் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அவர்கள் அமைத்திருந்த கூடாரத்தில் சேர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளது. காயமுற்றோரைப் பேணுவதைத் தம் பணியாக ஏற்றிருந்த அப்பெண்மணியை முஸ்லிம் உலகின் முதற்செவிலியர் எனப் போற்றுவர். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் காணப்படுகிறது. நன்னோக்கம் மட்டும் போதாது, தகுதியும் வேண்டும் என்னும் நெறி அதில் அடங்கியுள்ளது.

இந்நெறி ஆட்சி நடைமுறையாக மலர்ந்த நிகழ்ச்சி பத்தாம் நூற்றாண்டு பாக்தாதில் காணக்கிடைக்கிறது. கி.பி. 931இல் ஒரு மருத்துவரின் பிழையால் ஒருவர் இறந்த செய்தி அப்பாசியக் கலீஃபா அல்-முக்ததிரின் செவிக்கு எட்டியது. தேர்வில் தேறாத எவரும் மருத்துவம் பார்க்கலாகாது என அவர் ஆணையிட்டு, தேர்வு நடத்தும் பொறுப்பை ஸினான் இப்னு ஸாபித்திடம் ஒப்படைத்தார். பாக்தாதில் மட்டும் 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு உட்பட்டனர் என வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ எழுதுகிறார். அதற்கும் முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில் 'அதபுத் தபீப்' எனும் நூலை இயற்றிய அர்-ருஹாவீ, மருத்துவர் ஒவ்வொரு வருகையிலும் நோயாளியின் நிலையையும் தாம் அளித்த சிகிச்சையையும் எழுதிவைக்க வேண்டும் என்றும், நோயாளி இறந்தால் மூத்த மருத்துவர்கள் அக்குறிப்புகளை ஆராய வேண்டும் என்றும் வகுத்தார். இன்றைய கேஸ் ஷீட்டுக்கும் மரண ஆய்வுக் கூட்டத்திற்கும் இதனை முன்னோடியாகக் கொள்ளலாம்.

இவ்விரண்டையும் ஒப்பிடுவது பயன் தரும். 931ஆம் ஆண்டின் ஆணை, தகுதியற்றவரை விலக்கினால் தீங்கு நீங்கும் எனக் கருதியது. அர்-ருஹாவீயின் யோசனையோ தகுதியுள்ளவரின் செயலும் எழுத்தில் பதிவாகி ஆராயப்பட வேண்டும் என்றது. நெடுங்காலம் உலகம் முதல் வழியையே பெரிதும் நம்பி வந்தது. நோயாளர் பாதுகாப்பு எனும் இன்றைய துறை, இரண்டாம் வழியை மீண்டும் கண்டெடுத்ததன் விளைவெனலாம்.

பிழையின் இயல்பு

நன்கு கற்றவரும் அக்கறையுள்ளவரும் பிழை செய்கின்றனர் என்பதே இத்துறையின் முதற்பாடம். பிரிட்டிஷ் உளவியல் அறிஞர் ஜேம்ஸ் ரீசன் இதனை விளக்க ஓர் உவமையைக் கையாண்டார். துளைகளுடைய பாலாடைக்கட்டித் துண்டுகள் பல அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு துண்டும் ஒரு பாதுகாப்பு அரண். ஒவ்வொன்றிலும் குறைகளாகிய துளைகள் உண்டு. ஓர் அரணைத் தாண்டும் பிழையை அடுத்த அரண் தடுத்துவிடும். எல்லாத் துளைகளும் ஒருநாள் நேர்கோட்டில் அமையும்போதே பிழை ஊடுருவி நோயாளியைச் சென்றடைகிறது. ஆகவே கடைசித் துண்டாக நின்றவரை மட்டும் தண்டித்துவிட்டு முந்தைய துளைகளை அப்படியே விட்டுவைத்தால், அதே பிழை வேறொருவர் கையால் மீண்டும் நிகழும்.

நம் மாநிலத்தில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2011இல் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடும்பநல அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்த ஓர் இளந்தாய்க்கு, ஆக்சிஜன் செலுத்த வேண்டிய நேரத்தில் மயக்கம் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு செலுத்தப்பட்டது. நினைவிழந்த அவர் மீளாமலேயே 2012இல் உயிர் நீத்தார். அவர் குடும்பத்திற்கு இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது.

இவ்விரு வாயுக்களும் மாறக்கூடும் என்பது மருத்துவ உலகம் முன்பே அறிந்த அபாயம். அதனாலேயே சிறிய உருளைகளின் வாயில் ஒவ்வொரு வாயுவுக்கும் வெவ்வேறு இடங்களில் துளைகள் அமைத்து, அவற்றுக்குரிய ஊசிமுனைகள் பொருந்தினாலன்றி இணைக்க இயலாதவாறு செய்திருக்கின்றனர். தொழிற்சாலைகளில் ஷிகியோ ஷிங்கோ எனும் ஜப்பானியப் பொறியாளர் 1960-களில் பரப்பிய பிழைதடுப்பு முறையின் தத்துவமும் இதுவே: தவறாகப் பொருத்த முயன்றால் பொருந்தவே கூடாது. மனிதரின் கவனத்தை மட்டும் நம்பாமல், பொருளின் அமைப்பிலேயே பாதுகாப்பை வைப்பது இதன் உட்கருத்து. ஆயினும் குழாய்கள், இணைப்புகள், இடைக்காலப் பழுதுபார்ப்புகள் என எங்கோ ஒரு துளை திறந்துவிடுகிறது. அதனால் 'இணைப்பு சரியாகத்தான் இருக்கும்' என்னும் நம்பிக்கையை ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்கும் வழக்கத்தையும் மாணவியர்க்குக் கற்பிக்க வேண்டியுள்ளது.

பாடத்திட்டத்தில் இடம்

2011இல் உலக சுகாதார நிறுவனம் மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், மகப்பேறு ஆகிய துறைகளின் மாணவர்க்குப் பொதுவான நோயாளர் பாதுகாப்புப் பாடத்திட்ட வழிகாட்டியை வெளியிட்டது. பதினொரு தலைப்புகளைக் கொண்ட அவ்வழிகாட்டி மனிதக் காரணிகள், குழுவாகப் பணியாற்றல், பிழைகளிலிருந்து கற்றல், நோயாளியோடு உரையாடல், தொற்றுத் தடுப்பு, மருந்துப் பாதுகாப்பு முதலியவற்றை விரித்துரைக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் அரசிதழில் வெளியிட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில், நுண்ணுயிரியலோடு தொற்றுக் கட்டுப்பாட்டையும் பாதுகாப்பையும் இணைத்து மூன்றாம் பருவத்தில் தனிப் பாடமாக அமைத்தது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கிய தமிழகச் செவிலியர் பயிற்சியின் நெடிய வரலாற்றில், பாதுகாப்பு என்னும் சொல் ஒரு பாடத்தின் தலைப்பிலேயே இடம்பெற்றது குறிப்பிடத்தக்க மாற்றமாகும்.

எனினும் பாடநூலில் ஒரு தலைப்பு இடம்பெறுவதும் வார்டில் ஒரு வழக்கம் நிலைபெறுவதும் ஒன்றாகா. சில எடுத்துக்காட்டுகளால் இதனை விளக்கலாம்.

முதலாவது, ஆளை அறிதல். மருந்து கொடுக்குமுன் இரண்டு அடையாளங்களையேனும் சரிபார்க்க வேண்டும். பெயரும் மருத்துவமனைப் பதிவெண்ணும் ஏற்கத்தக்கவை. கட்டில் எண் ஏற்கத்தக்கதன்று, ஏனெனில் கட்டில் மாறும். தலைப்பெழுத்து மட்டுமே வேறுபடும் இரண்டு ஃபாத்திமா பீவிகள் ஒரே வார்டில் இருத்தல் நம்மூரில் அரிய செய்தியன்று. 'நீங்கள்தானே குமார்?' என்று கேட்டால், காய்ச்சல் மயக்கத்தில் இருப்பவர் தலையசைத்துவிடுவார். இத்தொழில் மண்டலத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைக்கும் இளைஞர் மொழி விளங்காமலேயே தலையசைத்துவிடுவார். ஆகவே 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்டு, அவர் வாயாலேயே பெயரைச் சொல்லச்செய்ய வேண்டும். இவ்விரு வினாக்களுக்குமிடையே உள்ள வேறுபாடு ஓர் உயிரளவு பெரியது.

இரண்டாவது, இன்சுலின். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 அலகு கொண்ட இன்சுலின் குப்பிகள் பரவலாக உள்ளன. 100 அலகு கொண்டவையும் உள்ளன. இவற்றுக்கான சிரிஞ்சுகள் வெவ்வேறு. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் இந்நிறங்கள் எளிதில் மயங்கிவிடும். 100 அலகுக் குப்பியிலிருந்து 40 அலகுச் சிரிஞ்சில் 20 என்னும் கோடுவரை எடுத்தால், உள்ளே வருவது அரை மில்லி. அதாவது 20 அலகுக்குப் பதில் 50 அலகு. நோயாளியின் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து நினைவிழக்க நேரலாம். மாறாக 40 அலகுக் குப்பியிலிருந்து 100 அலகுச் சிரிஞ்சில் எடுத்தால் 20க்குப் பதில் 8 அலகே செல்லும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்து சரிகளை மாணவி ஒப்பிப்பதால் மட்டும் இப்பிழை நிற்காது. குப்பியையும் சிரிஞ்சையும் ஒருசேரக் கையில் கொடுத்து, அவளையே கணக்கிடச் செய்து, மற்றொருத்தியைத் தனியே சரிபார்க்கச் செய்தால்தான் நிற்கும்.

மூன்றாவது, பொறுப்பை ஒப்படைத்தல். ஷிப்ட் மாறும் வேளையில் வாய்மொழியில் நழுவும் செய்திகள் பல. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு முறை, சொல்ல வேண்டியதை நான்காகப் பகுக்கிறது: இப்போதைய நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. முதல் மூன்றையும் மாணவியர் விரைவில் கற்றுக்கொள்கின்றனர். நான்காவதில்தான் தயங்கி நிற்கின்றனர். 'நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது' என்று சொல்வார்கள். 'நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்' என்று மருத்துவரிடம் சொல்ல நா எழுவதில்லை. அத்தயக்கத்தின் வேர் மொழியிலும் பண்பாட்டிலும் ஆழ ஊன்றியது.

குரல் கொடுக்கும் கல்வி

பெரியோர் முன் அடங்கி நிற்பதை நற்பண்பாக நாம் வளர்த்திருக்கிறோம். வீட்டில் மூத்தோரையும் வகுப்பில் ஆசிரியரையும் மறுத்துப் பேசாத பெண்ணே நல்ல பெண் எனப் பாராட்டப்படுகிறாள். அப்பெண் செவிலியர் கல்லூரிக்கு வந்து மருத்துவர், வார்டு இன்சார்ஜ், மூத்த சிஸ்டர், மேல்வகுப்பு மாணவி என நான்கு படிகளுக்குக் கீழே நிற்கிறாள். பென்சிலின் ஒவ்வாமை உள்ள நோயாளிக்கு அதே இனத்து மருந்து எழுதப்பட்டிருப்பதைக் கண்டாலும், 'இவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப்போகிறது' என்று எண்ணி வாளாவிருக்கிறாள். இவ்வடக்கம் இங்கு நற்பண்பாகாது. நோயாளி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்திற்குத் தீங்கு நெருங்குவதைக் கண்டும் மௌனம் காப்பது அதனைக் கைவிடுவதேயாகும்.

மரியாதையும் எச்சரிக்கையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை மாணவிக்குச் சொற்களாகவே கற்றுத்தர வேண்டும். 'டாக்டர், இவருக்குப் பென்சிலின் ஒவ்வாது என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்' என்பது பணிவான பேச்சே. அதற்குச் செவி சாய்க்கப்படாவிடில் இரண்டாம் முறையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதன் பின்னும் தீராவிடில் மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி இன்சார்ஜை அழைக்க வேண்டும். இதனை விரிவுரையாகக் கேட்டு மறந்துவிடுவர். ஆசிரியர் ஒருவர் கோபக்கார மருத்துவராக நடிக்க, மாணவி ஒவ்வொருத்தியும் வாய்திறந்து சொல்லிப் பழகினால் உண்மையான வேளையில் அச்சொற்கள் தாமே வரும்.

இதனைத் தனிமனிதத் துணிவுக்கு மட்டும் விட்டுவிடாமல் நடைமுறையாக்கியதே அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலின் சிறப்பு. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 19 வினாக்கள் கொண்ட அப்பட்டியலை, மயக்க மருந்துக்கு முன்னும் கத்தி வைக்குமுன்னும் நோயாளி அறையை விட்டுச் செல்லுமுன்னும் உரக்க வாசிக்க வேண்டும். பெரும்பாலும் வாசிப்பவர் செவிலியரே. புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதனைச் செயற்படுத்திக் கண்ட முடிவுகள் 2009இல் வெளியாயின. அறுவைக்குப் பின் இறந்தோர் விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. புதிய கருவியோ புதிய மருந்தோ இல்லாமல், கேட்க வேண்டியதைக் கேட்கும் உரிமையை ஒருவருக்கு அளித்ததும் இவ்விளைவுக்கு ஒரு காரணம்.

கார்த் தொழிலின் கயிற்றை நேரடியாகவே மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனை, டொயோட்டா முறையைக் கற்று 2002இல் ஓர் ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தீங்கு நேரக்கூடும் எனக் கருதும் எந்த ஊழியரும் எச்சரிக்கை விடுத்துப் பணியை நிறுத்தலாம். பொறுப்பாளர்கள் உடனே வந்து ஆராய வேண்டும். தொழிற்சாலைகள் சூழ்ந்த தண்டலத்தில் பயிலும் மாணவிக்கு இதனை விளக்குவது கடினமன்று. அவள் அண்ணனோ அயல்வீட்டாரோ அன்றாடம் பணியாற்றும் உலகின் வழக்கமே அது.

பிழை நேர்ந்த பின்

எவ்வளவு முயன்றும் பிழை நேரும். அப்போது என்ன செய்கிறோம் என்பதே மாணவி கற்கும் மெய்யான பாடம்.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில், சிவகாசி அரசுக் குருதி வங்கியிலிருந்து பெற்ற குருதி ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது பின்னர் தெரியவந்தது. குருதி கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016இல் ஒரு முகாமில் அவர் குருதி கொடுத்தபோதே சோதனையில் தெரிந்திருந்தும், அச்செய்தி அவரைச் சென்றடையவில்லை. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தம் நிலையை அறிந்ததும், அவரே குருதி வங்கிக்குச் சென்று தம் குருதியை எவருக்கும் ஏற்றவேண்டாம் என்று எச்சரித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. குற்ற உணர்வும் ஊரின் பேச்சும் சூழ, அம்மாத இறுதியிலேயே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

எத்தனை அரண்களில் எத்தனை துளைகள்! முகாமில் ஒன்று, செய்தி சொல்வதில் ஒன்று, சிவகாசிச் சோதனையில் ஒன்று. இவற்றிடையே தம் கடமையைத் தவறாமல் செய்தவர் அவ்விளைஞர் ஒருவரே. உண்மையை முதலில் சொன்னவரும் அவரே. அவரைத் தாங்கிப்பிடிக்க ஓர் ஏற்பாடும் இல்லாதது இந்நிகழ்ச்சியின் ஆறாத வடு. உண்மை சொல்பவர் தனித்து நிற்க நேரும் இடத்தில், அடுத்தவர் உண்மை சொல்ல வருவதில்லை.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2017 டிசம்பரில் நிகழ்ந்ததையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். ஒரு செவிலியர் பதற்றம் தணிக்கும் மருந்தை எடுப்பதற்காக அதன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தானியங்கிப் பெட்டகத்தில் தட்டினார். அதே எழுத்துகளில் தொடங்கும், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து வெளிவந்தது. எச்சரிக்கைகளைக் கவனியாது அதனைச் செலுத்த, நோயாளி இறந்தார். அச்செவிலியர் தம் பிழையை உடனே ஒப்புக்கொண்டார். 2022இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியென அறிவித்து, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. இனி எந்தச் செவிலியர் தம் பிழையைத் தாமே சொல்ல முன்வருவார் என்று உலகெங்கும் செவிலியர் அமைப்புகள் கவலை தெரிவித்தன.

இக்கவலை நமக்கும் உரியது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவத்தில் நேரும் ஒவ்வொரு கவனக்குறைவும் குற்றமாகாது, மிகக் கடுமையான அலட்சியமே குற்றவியல் பொறுப்பாகும் எனத் தெளிவுபடுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சை செய்கையில் அது நேர்ந்தால் இரண்டாண்டு வரை என வரம்பிடுகிறது. மருத்துவர் யார் என்பதற்கு அப்பிரிவு தரும் விளக்கம் மருத்துவப் பதிவேட்டில் பெயருள்ளவரை மட்டுமே குறிக்கிறது. அதன் சொற்களின்படி செவிலியர் அவ்வரம்புக்குள் வருவதில்லை. ஒரே கட்டிலருகில் நிகழும் ஒரே பிழைக்குக் கடைசிக் கையாக நிற்பவருக்கு மிகுதியான அச்சம் என்பதே இதன் பொருள்.

பிழை செய்தவரை முற்றிலும் விடுவித்துவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படும் முடிவன்று. கைதவறுதல், விதியைச் சற்றே தளர்த்துதல், தெரிந்தே பொருட்படுத்தாமை ஆகிய மூன்றும் வெவ்வேறு. முதலாமவருக்கு ஆறுதலும் அமைப்பில் திருத்தமும் வேண்டும். இரண்டாமவருக்கு அறிவுரை வேண்டும். மூன்றாமவருக்கே தண்டனை உரியது. மூன்றையும் ஒன்றாகக் கருதித் தண்டிக்கும் நிறுவனத்தில் பிழைகள் குறைவதில்லை, பிழை பற்றிய செய்திகள்தாம் குறைகின்றன. தீங்குற்ற நோயாளிக்கும் குடும்பத்திற்கும் நடந்ததை மறைக்காமல் சொல்வதும் இழப்பை ஈடுசெய்வதும் இவற்றினும் முதன்மையான கடமை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆசிரியர் செய்யத்தக்கவை

பயிற்சி அறையில் ஒரு பொம்மை நோயாளியைக் கிடத்தி, அதன் சுற்றுப்புறத்தில் பத்துப் பிழைகளை வேண்டுமென்றே அமைக்கலாம்: கைப்பட்டையில் வேறு பெயர், கட்டிலின் பக்கக் கம்பி இறங்கிய நிலை, காலாவதியான மருந்து, தரையில் சிந்திய நீர், மூடாத ஊசிக் கழிவுப் பெட்டி. மாணவியர் அவற்றைக் கண்டறிந்து எழுத வேண்டும். செலவில்லாத இம்முறை, பார்க்கும் கண்ணைப் பழக்குகிறது.

வார்டுப் பயிற்சியின் முடிவில் வாரந்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கி, 'நேர இருந்து தவறிய பிழை' ஒன்றை ஒவ்வொருத்தியும் சொல்லச் செய்யலாம். மதிப்பெண்ணும் கூடாது, கண்டிப்பும் கூடாது. முதல் வாரத்தில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்போது ஆசிரியரே தம் பணிக்காலத்தில் தாம் செய்த ஒரு பிழையை முதலில் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடம் மாணவியர்க்குக் கற்பிப்பதைப் பாடநூலின் ஓர் அத்தியாயமும் கற்பிக்க இயலாது. பெயர் குறிப்பிடாமல் எழுதிப்போடும் பெட்டியும் பயன் தரும். ஆனால் அதில் போடப்பட்டதைக் கொண்டு ஏதேனும் ஒன்று மாறியது என்பதை மாணவியர் கண்ணால் காண வேண்டும். காணாவிடில் பெட்டி வெறுமையாகிவிடும்.

இவற்றோடு, வார்டில் நடப்பதும் வகுப்பில் சொல்வதும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே கை கழுவ வேண்டும் என வகுப்பில் கற்றவள், வார்டில் கைகழுவும் தொட்டியில் நீர் வராததையும் மூத்தவர் கழுவாததையும் கண்டால், எது உண்மைப் பாடம் என்பதை உடனே தீர்மானித்துவிடுகிறாள். ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்னும் வினாவும் இதனோடு பிணைந்ததே. அளவுக்கு மீறிய சுமையை ஏற்றிவிட்டுக் கவனமாக இருக்குமாறு அறிவுறுத்துவது நீதியாகாது.

நோயாளியின் உறவினராக மருத்துவமனை வரும் நமக்கும் இதில் பங்குண்டு. பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்கும் மாணவியிடம் சலித்துக்கொள்ளாதிருப்பதும், பழைய மருந்துச் சீட்டுகளையும் ஒவ்வாமைச் செய்திகளையும் மறவாமல் கொண்டுசெல்வதும், 'இது என்ன மருந்து?' எனப் பணிவாகக் கேட்பதும் நாம் செய்யத்தக்கவை. நம் வீட்டுப் பெண்கள் பலர் இன்று இக்கல்வியை நாடிச் செல்கின்றனர். அவர்களிடம் மதிப்பெண்ணை மட்டும் விசாரிக்காமல், 'இன்று நீ கண்ட தவறு என்ன? அதை யாரிடம் சொன்னாய்?' என்று கேட்கும் பெற்றோர், கல்லூரி தொடங்கிய பாடத்தை வீட்டில் தொடர்கின்றனர்.

தண்டலத்தின் சாலையில் ஷிப்ட் முடிந்து தொழிலாளரை ஏற்றிவரும் பேருந்துகளும், வெண்சீருடை மாணவியரும் அன்றாடம் எதிர்ப்படுகின்றனர். ஒரு திருகாணி சரியாக முடுக்கப்படவில்லை எனில் வரிசையை நிறுத்தும் உரிமையைத் தொழில் உலகம் தன் கடைநிலை ஊழியருக்கும் வழங்கக் கற்றுக்கொண்டது. ஓர் உயிரின் பொருட்டு அதே உரிமையை நம் மாணவியர்க்கு அளிக்கும் நாளில்தான், நோயாளர் பாதுகாப்பு பாடத்திட்டத்திலிருந்து இறங்கிக் கட்டிலருகே வந்து சேரும்.